தொட்டாற்சிணுங்கி ஸ்ரியரிங்: மாற்றம் செய்த மைனர், ஒஸ்ரின் கார்க்காரர் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஏ55 கார்களில் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருப்பவை மிகக் குறைவு. யப்பான் எஞ்சின், டிஸ்க் பிறேக், அகல றிம், றேடியல் ரயர், மின் பவர் ஸ்ரியரிங் என்று ஏதாவது ஒன்று மாறியிருக்கும். வேலை முடிந்து கார் வெளியே வந்த பிறகு கேட்கிற முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்ரியரிங் தொட்டவுடன் பாய்கிறது. கராஜிலும் கல்யாண வீட்டு வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

எண்கள் மைனர் 1000 காருக்கானவை. மற்றக் கார்களுக்கும் பார்க்கிற முறை இதுதான். அளவை மட்டும் அந்தந்தக் காரின் கையேட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கை வைச்சாலே கார் பாயுது. உது என்ன பிழை?

ஒரு பிழைக்கு உரிய பெயர் அல்ல அது. நான்கு வெவ்வேறு குணங்களை எல்லாரும் அந்த ஒரே சொல்லால் சொல்கிறார்கள். சிறிது திருப்பினால் அளவுக்கு மிஞ்சித் திரும்புவது ஒன்று. திருப்பிய பிறகு தானாக நேருக்கு வராமல் நிற்பது இரண்டு. கை அசையாமலே, குழியிலோ மேட்டிலோ ஏறும்போது கார் தானாகப் பக்கம் மாறுவது மூன்று. அக்சிலேற்றரை மிதிக்கும்போதும் விடும்போதும் பின்புறம் காரைத் திருப்புவது நான்கு.

இதில் உங்களுடையது எது என்று தெரியாமல் ஸ்பனரை எடுக்க வேண்டாம். விடியற்காலையில் ஆள் நடமாட்டமில்லாத நேரான வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போய், இலேசாகத் திருப்பிப் பிடியைத் தளர்த்துங்கள். தானாக நேருக்கு வருகிறதா? தெரிந்த ஒரு மேட்டில் பிடியை இறுக்காமல் ஏறுங்கள், ஸ்ரியரிங் வளையம் அசைகிறதா? நேரே போகும்போது அக்சிலேற்றரைச் சட்டென்று விடுங்கள்; பின்புறம் நகர்கிறதா? கடைசியாக இலேசாகப் பிறேக் பிடியுங்கள். நான்கு விடையையும் எழுதி வையுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தத் துண்டை நம்பித்தான் இருக்கின்றன.

2. முந்தி ஒண்டும் தெரியேல்லை. இப்ப ஏ9 காபெட் றோட்டில 80 போகேக்கதான் தெரியுது. புதுசா ஏதும் உடைஞ்சு போச்சோ?

பெரும்பாலும் புதிதாக எதுவும் உடையவில்லை. ஒரே அளவு ஸ்ரியரிங் திருப்பலுக்குக் காரில் எழும் பக்க விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 40இல் திருப்பிய அதே அளவை 80இல் திருப்பினால் விசை ஏறக்குறைய நான்கு மடங்கு. குழி வீதியில் 40இல் ஓடிய காலத்தில் மறைந்திருந்த குறை காபெட் வீதியில் வெளியே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, பாகமும் வராது. அப்போது லேத்தில் கடைந்து போட்ட புஷ்களும் பின்களும் சில கார்களில் இன்னும் இருக்கலாம். கடைந்தவர்களின் கைத்திறமையில்தான் இந்தக் கார்கள் தப்பின, அதில் ஐயமில்லை. ஆனாலும் அவை அன்றைய வேகத்துக்குப் போட்டவை. உங்கள் காரில் எது மூலப்பாகம், எது கடைந்தது என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

3. எதில இருந்து தொடங்கோணும்? கராஜில எடுத்த உடன அலைன்மென்ற் எண்டுதான் சொல்லீனம்.

அலைன்மென்ற் நான்காவது படி. முதலில் ரயரும் காற்றும். அடுத்தது ஆட்டம்: பெயாரிங், கிங்பின் (முன் சில்லு திரும்பும் அச்சாணி), றொட் எண்ட் (ஸ்ரியரிங் தண்டுகளின் முனை மூட்டு). மூன்றாவது இறுக்கம், அதாவது எங்காவது பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்பது. அதற்குப் பிறகுதான் ரோ இன் (முன் சில்லுகளின் முன்விளிம்பு சற்று உள்நோக்கி நிற்பது), கஸ்ரர், பம்ப் ஸ்ரியர், பின் அச்சு; ஒவ்வொன்றும் கீழே தனித்தனியே வரும். ஆட்டமுள்ள காரில் எடுத்த அலைன்மென்ற் அளவு அடுத்த குழியோடு மாறிவிடும். அதற்குக் கொடுத்த காசு வீண்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓடிப் பாருங்கள். காற்று, ரோ இன், புஷ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று ஒருக்காலும் தெரியாது.

4. காத்து எவ்வளவு அடிக்கோணும்? கடையில 35 அடிச்சு விட்டவங்கள்.

மைனருக்கு அன்று சொன்னது சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தல். பழைய வகைக் குறுக்கிழை ரயருக்கான அளவு அது. றேடியல் போட்டால் முன்னுக்கு 24 முதல் 26, பின்னுக்கு அதைவிட 2 கூடுதலாகத் தொடங்குங்கள். காலையில், ஓடமுன், ரயர் குளிராக இருக்கும்போது அளக்க வேண்டும். வெயிலில் சாவகச்சேரி வரை ஓடிவிட்டு அளந்த எண் உதவாது.

முன் ரயர் கல்லு மாதிரியும் பின் ரயர் மெத்தென்றும் இருந்தால் கார் கட்டாயம் பாயும், ஏனென்றால் முன்புறம் உடனே பிடிக்கும், பின்புறம் நெளியும். பாரம் தாங்கும் என்று வான் ரயர் போட்டவர்கள் கவனியுங்கள்: அதன் பக்கச்சுவர் இந்த இலேசான காருக்கு மிகத் தடிப்பு. காற்றைக் குறைத்தாலும் அது நெளியாது.

5. முன்னுக்கு மட்டும் றேடியல் போட்டால் காணாதோ? பின் ரயர் இன்னும் நல்லா இருக்கு.

கூடாது. றேடியல் இலேசான திருப்பலுக்கே பிடித்துக்கொள்ளும். குறுக்கிழை ரயர் அவ்வளவு வேகமாகப் பிடிக்காது. முன்னுக்கு றேடியல், பின்னுக்கு குறுக்கிழை என்றால் மூக்கு திரும்ப வால் வழுக்கும். மழை வீதியில் கார் சுழன்றுவிடும். இரண்டு றேடியல்தான் கையில் இருக்கிறது என்றால் அவை பின்னுக்கே போக வேண்டும். நான்கும் ஒரே வகையாக இருப்பதுதான் சரி.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018இன் 32ஆவது கிழமையில் செய்தது. கல்யாணக் காருக்கு மட்டும் ஓடுவதால் பூ தேயாமல், ஆனால் வெயிலில் நின்று இறுகிப்போன ரயர்கள் இங்கே நிறைய. பூவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

6. சின்ன ஸ்போர்ட்ஸ் வளையம் போட்டதில இருந்துதான் உது. வளையத்தால வருமோ?

வரும். 16 அங்குல வளையத்தை எடுத்துவிட்டு 13 அங்குலம் போட்டால், அதே திருப்பலுக்குக் கை நகரும் தூரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மைனரின் ஸ்ரியரிங் 1948இல் வந்த நாளிலிருந்தே றாக் அன்ட் பினியன் (பல்லுத் தண்டும் அதைத் தள்ளும் பல்லுச் சில்லும்), பிறவியிலேயே நேரடியானது. அதன்மேல் சின்ன வளையம் போட்டால் கையின் சிறு அசைவும் வீதியில் தெரியும். பழைய வளையத்தைத் திரும்பப் போட்டு ஒரு நாள் ஓடிப் பாருங்கள். எல்லாச் சோதனையிலும் மலிவானது இது.

7. வளையத்தில ஒண்டரை அங்குல ஆட்டம் இருக்கு, ஆனா பாயவும் செய்யுது. இரண்டும் எப்பிடி ஒண்டா வரும்?

ஆட்டம் இருக்கும்போது முதல் ஒன்றரை அங்குலத்துக்கு எதுவும் நடக்காது. நீங்கள் இன்னும் திருப்புவீர்கள். ஆட்டம் முடிந்த இடத்தில் சில்லு ஒரேயடியாகத் திரும்பும். அது பாய்ச்சலாகத் தெரியும்.

முன்புறத்தை ஜக்கில் உயர்த்தி ஸ்ராண்டில் நிறுத்துங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்தவுடன் ஆட்டம் நின்றால் பெயாரிங். நிற்காவிட்டால் கிங்பின், மைனரில் என்றால் ட்ரனியன் (கிங்பின்னின் முனையைத் தாங்கும் மூட்டு). அடுத்ததாக இடமும் வலமும் பிடித்து ஆட்டி, மற்றக் கையை ஒவ்வொரு றொட் எண்டிலும் வைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரியமுன் விரலுக்குத் தெரியும்.

மைனரின் கீழ் ட்ரனியன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது திருகுப் புரியில் தாங்குகிறது. கிறீஸ் இல்லாமல் புரி தேய்ந்தால் ஒரு நாள் கழன்று சில்லு மடிந்துவிடும். சில்லின் அடியில் ஒரு கம்பியைக் கொடுத்து மேலே நெம்புங்கள்; மேல்கீழ் ஆட்டம் தெரிந்தால் அந்தக் கார் அதற்குமேல் ஓடக்கூடாது. பண்ணைப் பாலம், பருத்தித்துறை, ஊர்காவற்றுறைப் பக்கம் ஓடுகிற காருக்கு உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து வேலை செய்யும். சில்லை உயர்த்திப் பாரம் இல்லாமல் வைத்து, பழைய கிறீஸ் தள்ளுப்பட்டுப் புதியது வெளியே வரும்வரை அடியுங்கள். 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை அடித்தால் நல்லது.

8. ஏ40இல ஸ்ரியரிங் பொக்ஸை இறுக்கிவிட்டால் சரிவராதோ?

இந்தக் கார்களில் நடக்கிற மிகப் பெரிய பிழை இதுதான். பொக்ஸ் என்பது வளையத்தின் சுற்றலைச் சில்லின் திருப்பலாக மாற்றும் பல்லுப்பெட்டி. அதன் செற் ஸ்குரூவை இறுக்கினால் ஆட்டம் மறையும். கூடவே உராய்வு வரும். சில்லு தானாக நேருக்குத் திரும்ப முடியாமல் விட்ட இடத்திலேயே நிற்கும். அப்போது நீங்கள் கையால் திருப்பி எடுக்க வேண்டும். கொஞ்சம் கூடப் போகும். மறுபக்கம் திருத்த வேண்டும். 60 கிலோமீற்றரில் வீதி முழுக்க இந்தத் திருத்தலே வேலையாகிவிடும். ஓட்டுகிறவர் அதைப் பாய்ச்சல் என்கிறார். உண்மையில் அது பிடிப்பு.

முன் சில்லுகளை உயர்த்தி, பொக்ஸோடு சேர்ந்த தண்டைக் கழற்றி, வளையத்தை ஒரு விரலால் திருப்பிப் பாருங்கள். நேர் நிலையைக் கடக்கும்போது மெல்லிய கனம் மட்டும் தெரிய வேண்டும். நடுவில்தான் பொக்ஸ் இறுக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே செற் பண்ணுவதும் நடுவில்தான். ஓரத்தில் ஆட்டம் இருப்பதைப் பார்த்து இறுக்கினால் நடு பிடித்துக்கொள்ளும். பொக்ஸ் சுகமாக இருந்தால் சில்லைத் தனியே கையால் திருப்புங்கள். புதுப் புஷ்ஷை றீமர் (துளையை அளவாகக் கடையும் கருவி) போடாமல் அடித்து ஏற்றிய கிங்பின் இதே நோயைத் தரும்.

9. ரோ இன்னை வீட்டிலயே அளக்கேலுமோ?

முடியும், அதுவும் துல்லியமாக. மைனருக்குக் கையேடு சொல்வது 3/32 அங்குலம், ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர் உள்நோக்கம். சமமான சீமெந்துத் தளத்தில் காரை முன்னோக்கித் தள்ளி நிறுத்துங்கள். பின்னோக்கித் தள்ளி நிறுத்தினால் அளவு பொய் சொல்லும். இரு முன் றிம்மின் முன் விளிம்பிலும், சில்லின் நடு உயரத்தில், சோக்கால் ஒரு புள்ளி. இடைத்தூரத்தை அளங்கள். சில்லு அரைச் சுற்றுச் சுற்றும்வரை காரை முன்னே தள்ளுங்கள். அதே புள்ளிகள் இப்போது பின்னால், அதே உயரத்தில் இருக்கும். மறுபடி அளங்கள். பின் அளவு கூடுதலாக இருக்கும் தொகைதான் ரோ இன். ஒரே புள்ளியை இருமுறை அளப்பதால் றிம் வளைந்திருந்தாலும் கணக்கு கெடாது.

முன் அளவு கூடுதல் என்றால் அது ரோ அவுட். நேர் வீதியில் கார் எந்தப் பக்கம் போவதென்று தேடிக்கொண்டே இருக்கும். றேடியலுக்கு 1.5 மில்லிமீற்றர் வரை குறைக்கலாம், பூச்சியத்துக்கு இறக்க வேண்டாம். திருத்தும்போது இரு பக்க ரை றொட்டையும் (சில்லைத் திருப்பும் தண்டு) சமமாகக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் ஒவ்வொரு தடவையும் அளங்கள். ஒரு பக்கம் முழுச் சுற்றுத் திருப்பினாலே றிம்மில் 4, 5 மில்லிமீற்றர் மாறிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் வளையமும் நேராக நிற்காது.

10. கம்பியூட்டர் அலைன்மென்றில எல்லாம் பச்சை எண்டு துண்டு தந்தவங்கள். பிறகும் பாயுது.

அந்தப் பச்சை எந்தக் காருக்கு உரிய பச்சை என்று கேளுங்கள். மெசினில் மைனர் இல்லாவிட்டால் கிட்டத்தட்ட அளவான வேறு காரைத் தெரிவு செய்திருப்பார்கள். நிறத்தை விட்டுவிட்டு எண்களைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். முக்கியமாக, கஸ்ரர் அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல தடவை ரோ இன் மட்டும் அளந்துவிட்டு மற்றப் பெட்டிகளை வெறுமையாக விட்டிருப்பார்கள்.

11. கஸ்ரர் எண்டால் என்ன? பின் வில்லுக்கு ஒரு தகடு கூடப் போட்டதுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?

கிங்பின்னின் மேல்முனை பின்னுக்கும் கீழ்முனை முன்னுக்கும் சாய்ந்திருக்கும் கோணம் கஸ்ரர். சைக்கிளைக் கைவிட்டு ஓட முடிவதற்கு அதன் முன் கவட்டின் சாய்வும் ஒரு காரணம். கார் சில்லைத் தானாக நேருக்குக் கொண்டுவருவதும் அதே சாய்வுதான். மைனருக்கு 3 பாகை. அது குறைந்தால் 1ஆவது கேள்வியின் இரண்டாவது குணம், திரும்பி வராமை, தலைகாட்டும்.

பின்புறத்தை உயர்த்தினால் முழுக் காரும் மூக்குக் குத்திச் சாய்கிறது. கிங்பின்னும் கூடச் சாய்கிறது. மைனரின் அச்சிடைத் தூரம் 86 அங்குலம், அதாவது 2,184 மில்லிமீற்றர். பின்புறம் 50 மில்லிமீற்றர் உயர்ந்தால் கோணம் 1.3 பாகை மாறும். 3 பாகையில் மிஞ்சுவது 1.7. முன்னுக்குக் கனமான டீசல் எஞ்சின் போட்டு மூக்கு 25 மில்லிமீற்றர் இறங்கியிருந்தால் இன்னும் 0.65 போகும். ஒரு போல்ற்றையும் கழற்றாமல் ஸ்ரியரிங் குணம் பாதிக்கு மேல் போய்விட்டது.

பின்புறத்தை உயர்த்துவதில் இரண்டாவது தீங்கும் உண்டு. வில்லின் முன் கண் (சட்டகத்தில் மாட்டும் வளைய முனை) பின் அச்சைவிட மேலே போவதால், வளைவில் கார் சரியும்போது வெளிப்பக்கச் சில்லு பின்னுக்கும் உட்பக்கச் சில்லு முன்னுக்கும் நகரும். பின் அச்சே காரை வளைவுக்குள் இன்னும் திருப்பிவிடும். வாடகைக்கு ஆட்களை ஏற்றிய காலத்தில் கூடுதல் தகடு தேவைப்பட்டது. இன்று இரண்டு பேரோடு ஓடுகிற காருக்கு அதைக் கழற்றுவதே முழு மருந்தாக இருக்கக்கூடும்.

12. கஸ்ரரை அளக்கிறதுக்கு மெசின் வேணுமே?

கைத்தொலைபேசியின் சாய்வுமானி போதும். முன் சில்லு ஒவ்வொன்றின் கீழும் இரண்டு தரை ஓடுகளை நடுவில் கிறீஸ் பூசி வையுங்கள். சில்லு தடையின்றித் திரும்பும். அதே உயரத்துக்குப் பின் சில்லுகளின் கீழும் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் 11இல் சொன்ன சாய்வு அளவுக்குள் புகுந்துவிடும். நேரான அலுமினியப் பட்டையை றிம்மின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தொட நிறுத்தி, அதில் தொலைபேசியை ஒட்டுங்கள்.

சில்லை வெளிப்பக்கம் 20 பாகை திருப்பிச் சாய்வைக் குறியுங்கள். உட்பக்கம் 20 பாகை திருப்பி மறுபடி குறியுங்கள். மேல்முனை வெளியே சாய்ந்தால் கூட்டல், உள்ளே சாய்ந்தால் கழித்தல். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து 1.46ஆல் பெருக்கினால் கஸ்ரர். வித்தியாசம் 2 பாகை வந்தால் கஸ்ரர் ஏறக்குறைய 2.9. இரு பக்கமும் அளங்கள். அரைப் பாகைக்கு மேல் வேறுபட்டால் ஒரு பக்கம் இழுக்கும்.

13. குறைஞ்சிட்டுது. எப்பிடிக் கூட்டுறது?

முதலில் காரின் உயரத்தைச் சரியாக்குங்கள். பிறகு, மைனர் என்றால், கீழ்க் கையிலிருந்து முன்னோக்கிச் சட்டகத்துக்குப் போகும் இழுதண்டின் றப்பர் புஷ்ஷைப் பாருங்கள். அது நசிந்தால் கீழ்க் கை பின்னே நகர்ந்து கஸ்ரரைத் தின்னும். புஷ் மாற்றுவதிலேயே பெரும்பாலும் போனது திரும்பிவிடும். இன்னும் வேண்டும் என்றால்தான் நீளம் மாற்றக்கூடிய இழுதண்டு. அதைச் சுருக்கினால் கஸ்ரர் கூடும். இரு பக்கமும் ஒரே அளவு சுருக்குங்கள், கையேட்டு அளவுக்கு மேல் ஒரு பாகைக்கு அப்பால் போக வேண்டாம். வெல்டிங் வைத்து நீட்டிய தண்டை ஏற்க முடியாது. பிறேக் பிடிக்கும்போது முழு இழுவையும் அதில்தான்.

14. நேர நல்லாப் போகுது. மேட்டில ஏறினால் மட்டும் ஒரு பக்கம் வெட்டுது.

இது பம்ப் ஸ்ரியர். கை அசையாமல் சில்லின் ரோ மாறுகிறது. சில்லு மேலே போகும்போது சஸ்பென்சன் கை ஒரு வட்டவில்லில் போகிறது, ரை றொட் வேறொரு வட்டவில்லில் போகிறது. இரண்டும் ஒத்துப்போகும்படிதான் கார் வடிவமைக்கப்பட்டது. மைனரில் முன்னுக்கு ரோசன் பாரை (வில்லாக வேலை செய்யும் முறுக்குத் தண்டு) ஒரு பல் மாற்றிப் பதித்தால் ரை றொட்டின் சாய்வு மாறி இந்த ஒத்திசைவு போய்விடும்.

அளக்க 12இல் சொன்ன தரை ஓடுகளும் கிறீஸும் மறுபடி வேண்டும். சாதாரண உயரத்தில் ரோ இன்னை அளங்கள். இப்போது காரைத் தள்ள முடியாது. ஆகவே றிம்மின் முன் பின் விளிம்புகளையே அளந்து, மாற்றத்தை மட்டும் பாருங்கள். முன்புறத்தில் 50 கிலோ சீமெந்து மூட்டைகளைச் சமமாக வைத்து 25 மில்லிமீற்றர் இறக்கி அளங்கள். மூட்டையை எடுத்து, சட்டகத்தை ஜக்கால் 25 மில்லிமீற்றர் உயர்த்தி, சில்லு ஓட்டிலேயே இருக்க அளங்கள். ஒரு மில்லிமீற்றருக்குள் மாறினால் கையில் பெரிதாகத் தெரியாது. மூன்றுக்கு மேல் போனால் நிச்சயம் வெட்டும்.

15. ஏ40க்கு வேற காரின்ர றாக் போட்டனாங்கள். அதுக்குப் பிறகுதான் 14இல சொன்ன வெட்டு.

ஏ40இன் மூல அமைப்பில் பொக்ஸும் ஐட்லரும் (மறுபக்கத்தில் நடுத்தண்டைத் தாங்கும் கை) நடுத்தண்டும் இருந்து, இரு பக்கமும் தனித்தனி ரை றொட் போகும். அந்த இரு தண்டின் உள் மூட்டு எங்கே இருந்ததோ, புது றாக்கின் உள் மூட்டும் அங்கேயே வர வேண்டும். இடம் கிடைத்த இடத்தில் பிறாக்கெற் வெல்ட் பண்ணியதுதான் பெரும்பாலும் காரணம்.

14இன் அளவுகளே என்ன பிழை என்று சொல்லும். இறக்கும்போது ஒரு பக்கமாகவும் உயர்த்தும்போது எதிர்ப்பக்கமாகவும் ரோ மாறினால் றாக்கின் உயரம் பிழை. இரண்டிலும் ஒரே பக்கமாக மாறினால் றாக்கின் நீளம் பிழை. உள் மூட்டுகளின் இடைத்தூரம் காருக்குப் பொருந்தவில்லை. அச்சுக்குப் பின்னால் இருக்கும் றாக்கில், பாரம் ஏற்றியபோது ரோ இன் கூடினால் றாக் மேலே இருக்கிறது, இறக்குங்கள். ரோ அவுட் ஆனால் உயர்த்துங்கள். அச்சுக்கு முன்னால் இருக்கும் றாக்குக்கு இது நேர் எதிர். உயரத்தை 2, 3 மில்லிமீற்றர் தகடு வைத்துச் சரிசெய்யலாம். நீளப் பிழைக்குத் தகடு உதவாது. வேறு றாக் தேட வேண்டும்.

16. அகல றிம் போட்டது. றோட்டு விளிம்பு எங்க போகுதோ கார் அங்க போகுது.

றிம் வெளியே தள்ளி நிற்கும் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ரயர் தரையில் தொடும் இடம் கிங்பின் கோட்டிலிருந்து விலகுகிறது. 25 மில்லிமீற்றர் ஸ்பேசர் (றிம்மை வெளியே தள்ளும் இடைத்தகடு) போட்டால் அவ்வளவு நீள நெம்புகோல் ஒன்றை ஒவ்வொரு கல்லுக்கும் குழிக்கும் கொடுத்தது போல. ஸ்பேசரைக் கழற்றி ஓடிப் பாருங்கள்.

கழற்றும்போது போல்ற் வட்டத்தையும் (போல்ற்றுகளின் நடுவால் போகும் வட்டத்தின் விட்டம்) அளங்கள். மைனரின் நான்கு போல்ற் வட்டம் 4 அங்குலம், 101.6 மில்லிமீற்றர். யப்பான் கார்களில் பரவலான 100 மில்லிமீற்றர் றிம் அதில் ஏறுவது போலத் தோன்றும், நட்டும் இறுகும். ஆனால் றிம் நடுவில் அமராது, போல்ற் வளைந்தபடி இருக்கும், நட்டு தானாகத் தளரும். 1.6 மில்லிமீற்றர்தானே என்று விடக்கூடாத இடம் இது.

17. மின் பவர் ஸ்ரியரிங் போட்டபிறகு விரலால திருப்பலாம், ஆனா வேகத்தில பயமாக் கிடக்கு.

மோட்டர் பூட்டிய அந்த ஸ்ரியரிங் கொலம் (வளையத்தின் தண்டு) முதலில் இருந்த புதுக் காரில், வேகம் கூடக்கூட உதவியைக் குறைக்கும்படி கணினி சொல்லும். உங்கள் காரில் வேகச் சைகை கிடைக்காததால் நின்றாலும் 80இல் போனாலும் ஒரே அளவு உதவி. வீதி கைக்குச் சொல்லும் செய்தி அத்தனையையும் மோட்டர் விழுங்கிவிடுகிறது. காரை நிறுத்தி, சாவியை எடுத்து, அதன் பியூஸைக் கழற்றிவிட்டு வெறும் வீதியில் 40இல் ஓடிப் பாருங்கள். கனமாக இருக்கும். ஆனால் பாய்ச்சல் போய்விட்டதென்றால் நோய் தெரிந்துவிட்டது. உதவியைக் கூட்டிக் குறைக்கும் திருகி வைத்த கொன்றோலர் போட்டு, நிறுத்தும்போது சற்றுக் கனம் தெரியும் அளவுக்கு இறக்குங்கள்.

கொலம் மாற்றியவர்கள் யுனிவர்சல் ஜொயின்ற்களையும் (தண்டு மடிந்தபடி சுற்ற விடும் மூட்டு) பார்க்க வேண்டும். 30 பாகை மடிந்த ஒரே ஜொயின்ற் ஒரு சுற்றுக்குள் 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்கு வரை வேகம் மாறித் திருப்பும். இரண்டு ஜொயின்ற் இருந்து, நடுத்தண்டின் இரு முனையின் கவடும் ஒரே தளத்தில் நின்று, இரு மடிப்பும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது அழிக்கும். ஒரு இடத்தில் இலேசு, கால் சுற்றுத் தள்ளிக் கனம் என்று தெரிந்தால் காரணம் இதுதான்.

18. அக்சிலேற்றரை விட்டால் கார் தானா ஒரு பக்கம் போகுது. முன்பக்கத்தை முழுக்க மாத்தியாச்சு.

முன்பக்கத்தில் செலவழித்தது போகட்டும், பின்னால் வாருங்கள். வில்லின் முன் கண் புஷ், பின் சக்கிள் (வில்லின் பின்முனையைத் தாங்கும் தொங்கல்) புஷ், வில்லை அச்சோடு கட்டும் யூ போல்ற் மூன்றும்தான் பின் அச்சைப் பிடித்து வைத்திருக்கின்றன. காரை நிறுத்தி வைத்து, ஒருவர் முன்னும் பின்னும் தள்ள, மற்றவர் கண் புஷ்ஷைப் பார்க்கட்டும். பலமான எஞ்சின் போட்ட கார்களில் அன்றைய றப்பர் சீக்கிரம் கிழியும். ஓட்டியபிறகு யூ போல்ற்றை ஒருமுறை மீண்டும் இறுக்க மறப்பதும் அடிக்கடி நடக்கிறது.

பிறகு ஸ்ரியரிங்கை நேராக வைத்து, முன் சில்லு நடுவிலிருந்து பின் சில்லு நடுவரை இரு பக்கமும் அளங்கள். 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு அச்சு சாய்ந்து நிற்கிறது.

19. பிறேக் பிடிக்கேக்க மட்டும் ஆடுது.

13இல் சொன்ன இழுதண்டுப் புஷ். ஒரே பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கப் பிறேக் சிலிண்டர் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

20. சங்குப்பிட்டிப் பாலத்தில சோளகம் அடிக்கேக்க பிடிக்கேலாமல் கிடக்கு. ஸ்ரியரிங் டம்பர் ஒண்டு போட்டால்?

பூநகரிப் பக்கமும் பண்ணையிலும் பக்கக்காற்று எந்த இலேசான காரையும் தள்ளும். சுகமான கார் தள்ளுண்டு ஒரு சிறு திருத்தலோடு நேருக்கு வரும். கஸ்ரர் குறைந்த கார் வராது. டம்பர் கஸ்ரரைக் கூட்டாது, ஆட்டத்தை நீக்காது. அசைவை மந்தமாக்கி, 8இல் சொன்ன உராய்வு நோயைப் புதிதாகச் சேர்க்கும். ட்ரனியன் தேய்வு போன்ற ஆபத்தான குறையையும் கைக்குத் தெரியாமல் மறைக்கும். ஆகவே வேண்டாம்.

21. எல்லாம் அளந்தாச்சு, எல்லாம் சரி. பிறகும் கூர்மையாத்தான் கிடக்கு.

விகிதத்தை அளங்கள். 12இன் ஓடுகளிலேயே, வளையத்தைச் சரியாக 90 பாகை திருப்பி, தரையில் சோக்குக் கோடு போட்டு முன் சில்லு எத்தனை பாகை திரும்பியது என்று பாருங்கள். 6 பாகை என்றால் விகிதம் 15க்கு 1. 9 பாகை திரும்பினால் 10க்கு 1. அது பந்தயக் காரின் அளவு. யாரோ வேகமான றாக் போட்டிருக்கிறார்கள், அல்லது ஸ்ரியரிங் கையைச் சூடாக்கி வளைத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள். குட்டையாக்கிய கை என்றால் அன்றே காரை நிறுத்தி மூலக் கையைப் போடுங்கள். சூடாக்கிய உருக்கு எந்தக் குழியில் உடையும் என்று சொல்ல முடியாது. வேகமான றாக் என்றால் மூல றாக்கைத் தேடுங்கள், அது கிடைக்கும்வரை பெரிய வளையத்தோடு 60க்கு மேல் போகாமல் ஓடுங்கள்.